கண்டிப்பாக என்று எழுதிய மகனுக்கு

முதலில் உட்கார். நின்றுகொண்டே பாதி படித்துவிட்டுப் பதில் தட்டுகிற பழக்கம் உனக்கு உண்டு. மாமா கையெழுத்துப் போடவில்லை என்பதை அப்பா போனில் சொல்லியிருப்பார். ஏன் போடவில்லை என்று கேட்க நேற்றிலிருந்து நீ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாய். நான் வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை. போனில் நீ என்னைப் பேசவிட மாட்டாய், விட்டாலும் நான் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். பிள்ளை பெற்ற வேறு யாரும் இதைப் படித்தாலும் படிக்கட்டும். உன் பெயரையோ உன் கம்பெனியின் பெயரையோ நான் எங்கும் போடவில்லை. விஷயம் ஒன்றே ஒன்றுதான். மன்னவனூரில் மாமாவின் பூண்டுக் காட்டுக்குத் தண்ணீர் தருகிற ஊற்று. அது இருக்கும்வரை என் அண்ணன் குடும்பம் மலையில் தன் நிலத்தில் இருக்கும். அது வற்றினால் கீழே இறங்கி யாரிடமாவது கூலிக்கு நிற்கும்.

போன வாரம் உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டு கூரியரில் வந்தது. மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டு ஆசையாகப் பிரித்தேன். கட்டுக்கு அடியில் ஒரு பழுப்புக் கவர். கூடவே வாட்ஸப்பில் உன் குரல்: “அம்மா, மாமாவுக்குப் பத்திரிகை வைக்கப் போறீங்கள்ல, அந்தக் கவரையும் தாம்பூலத் தட்டுல வச்சிருங்க. நீங்க நீட்டுனா மாமா படிக்கக்கூட மாட்டாரு. சோலி வெரசா முடிஞ்சிரும்.” அதை நான் மூன்று முறை போட்டுக் கேட்டேன். நம் பக்கம் குலசாமிக்கு அடுத்தபடி தாய்மாமனுக்குத்தான் பத்திரிகை போகும் என்று உனக்குத் தெரியும். கூடப் பிறந்தவள் வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டை நீட்டினால் அண்ணன்காரன் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வான். தட்டில் என்ன இருக்கிறது, எதற்கு இருக்கிறது என்று கேட்க மாட்டான். கேட்டால் கட்டிக்கொடுத்த வீட்டார் முன்னால் அவளுக்குத் தலைகுனிவு. அந்த மரியாதைக்குள்தான் நீ அந்தக் கவரைச் செருகப் பார்த்தாய். மாமாவுக்கு நீயே போன் செய்திருக்கலாம், நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம். ஏன் என் கையில் கொடுத்தாய் என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

எனக்குச் சந்தேக புத்தி என்று நீ எப்போதும் கிண்டல் செய்வாய். பால்காரர் சிரித்துவிட்டால் நான் பாலை முகர்ந்து பார்ப்பேன் என்று உன் சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாய். முகர்ந்து பார்ப்பது உண்மைதான். கொடைக்கானலில் ஏரிக்கு மேலே அந்தச் சின்ன லாட்ஜில் இருபத்தாறு வருஷம் ரிசப்ஷனில் உட்கார்ந்தவளுக்கு வேறு என்ன புத்தி வரும்? நாள் முழுக்க ஆங்கிலத்தில் வாக்குறுதி கேட்பதும் ஆங்கிலத்தில் வாக்குறுதி கொடுப்பதும்தான் என் வேலை. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தோடு சேர்ந்தவள். முதல் சீசனிலேயே மானம் போனது. தூண்பாறையில் பனிமூட்டம் விலகுமா என்று சென்னையிலிருந்து வந்த ஒருவர் கேட்டார். வெளியே எதிர்ச்சுவரே தெரியவில்லை. ஆனால் வந்தவர் மனம் கோணக்கூடாது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். “மிஸ்ட் மைட் டெஃபினிட்லி க்ளியர், சார்” என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “மைட்டா, டெஃபினிட்லியாம்மா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க!” விலகினாலும் விலகலாம் என்பதையும் நிச்சயம் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறேன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. சாயங்காலம்வரை காது சூடாக இருந்தது.

அன்றிலிருந்து நான் இந்தச் சொற்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். எதோடு எது சேருகிறது, சேர்த்துச் சொன்னவர் பிறகு என்ன செய்தார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். “ஐ வில் கம்” என்று சொல்லிப் போனை வைத்தவர்கள் வந்து சேர்ந்தார்கள். “வில் டெஃபினிட்லி கம்” என்றவர்களின் அறையைத்தான் விளக்கு வைத்தபிறகு வேறு ஆளுக்குக் கொடுத்தோம். நான் சந்தேகப்படாதபோது அவருக்கு எதற்கு டெஃபினிட்லி? ‘ப்ராபப்ளி’ கொஞ்சம் நேர்மையான சொல். “வில் ப்ராபப்ளி” என்றவர் பெரும்பாலும் வந்துவிடுவார். ஆனால் வராதவர் வாயில் அது முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்: “ப்ராபப்ளி வோன்ட்.” கதவைச் சாத்தப் போகிறவர் ஒருமுறை செருமிக்கொள்வார் இல்லையா, அதுதான் அது. “இட் மே ரெய்ன்” என்றால் மழை வரலாம். “மே வெல் ரெய்ன்” என்றால் குடையை எடு. ‘வெல்’ என்றால் நன்றாக என்று மட்டும் படித்திருந்த எனக்கு இது புரிய இரண்டு சீசன் ஆனது. கீசர் “மஸ்ட் ஷ்யூர்லி” வேலை செய்யும் என்று மேனேஜர் சொன்னால் அவர் அந்த அறைப் பக்கமே போகவில்லை என்று அர்த்தம். நான் உடனே வாளியில் வெந்நீர் அனுப்பச் சொல்லிவிடுவேன். “குட் யூ பாஸிப்ளி”, உங்களால் முடியுமா என்று குழைகிறவரிடம் முடியாது என்று சொல்லிப் பார், அப்போது தெரியும் அவர் குரல். “கான்ட் ரியலி சே” என்றால் சொல்ல மனமில்லை. “ரியலி கான்ட் சே” என்றால் நிஜமாகவே சொல்ல முடியாது. அதே இரண்டு சொல், இடம் மாறினால் ஆளே மாறிவிடுகிறார். இதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. போனை வைத்துவிட்டு ஆள் வருகிறாரா என்று வாசலைப் பார்த்தே கற்றேன்.

கற்றதைச் சும்மா வைத்திருந்தால் பரவாயில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதுதான் நான் செய்த தப்பு. ஐந்தாம் வகுப்பில் உன் பள்ளி ஆண்டு விழாவில் நீ கரடி வேஷம் போட்டாய். “கண்டிப்பா வந்துருவேன்யா” என்றேன். அன்று ஒரு பஸ் நிறையக் கல்லூரிப் பிள்ளைகள் வந்து இறங்கிவிட்டார்கள், போகவில்லை. அடுத்த வருஷமும் கண்டிப்பா என்றேன், போகவில்லை. அதற்கு அடுத்த வருஷம் நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: “கண்டிப்பான்னு சொன்னா நீங்க வரமாட்டீங்க. பாக்கலாம்னு சொன்னாலும் வரமாட்டீங்க. ஒண்ணும் சொல்லாம இருங்கம்மா, அப்பத்தான் வருவீங்க.” அப்பா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக்கூடாது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை பெற்றவளின் பேச்சை எடைபோடப் பழகியிருக்கிறது என்றால் அது சிரிக்கிற விஷயமா?

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. உனக்கு நான் சொன்னதில்லை, அப்பாவுக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். ஐப்பசி மழை நாள். பெரியகுளத்துக்காரர் ஒருவர் மனைவியோடு வந்து தங்கியிருந்தார். காலையில் அவருக்குப் போன் வந்தது: அம்மாவுக்கு முடியவில்லை, உடனே வா. பெட்டியைக்கூடச் சரியாக மூடாமல் கவுன்டருக்கு ஓடி வந்து, அடுக்கம் வழியாக இறங்கலாமா என்று கேட்டார். அது கிட்டத்து வழி. மழையில் மண் சரிகிற வழியும் அதுதான். கீழே டீக்கடைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவர் தமிழ்க்காரர், தமிழில்தான் கேட்டார். எனக்கு என்னவோ கவுன்டர் ஆங்கிலம்தான் வாயில் வந்தது. “ஷுட் டெஃபினிட்லி பி ஓப்பன், சார்.” போனார். பாதி வழியில் மரமும் மண்ணும் விழுந்து கிடந்தன. பின்னாலும் வண்டிகள் வந்து நின்றுவிட்டதால் திரும்பவும் முடியவில்லை. அவர் வீடு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான்கைந்து நாள் கழித்து லாட்ஜுக்குப் போன் செய்தார். திட்டப் போகிறார் என்று தயாராக இருந்தேன். திட்டவில்லை. “மேடம், அன்னைக்கு நீங்க யார்கிட்டயாச்சும் கேட்டுட்டுத்தான் சொன்னீங்களா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். சரிங்க என்று வைத்துவிட்டார். நான் கவுன்டரைவிட்டு எழுந்து போய் லினன் அறையில் மடித்து வைத்த போர்வைகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். ‘ஷுட்’ என்றால் இருக்கவேண்டும், அவ்வளவுதான். இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதோடு டெஃபினிட்லியைச் சேர்த்தபோது நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி ஆகிவிட்டது. அந்த மனுஷன் அதை நம்பித்தான் வண்டியை எடுத்தார்.

இப்போது உன் கவருக்கு வருகிறேன். அதில் இரண்டு தாள். ஒன்று உங்கள் கம்பெனி ஆங்கிலத்தில் மாமாவுக்கு எழுதிய உறுதிக் கடிதம். அடியில் உன் கையெழுத்து. மாமாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்று தெரிந்தும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாய். அடுப்பை அணைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பென்சிலும் கையுமாக உட்கார்ந்தேன். மாமா காட்டின் மேல்தட்டில் உங்கள் கம்பெனி ஆழ்துளைக் கிணறு போட்டால் ஊற்று “ஷுட் டெஃபினிட்லி” பாதிக்கப்படாது என்று எழுதியிருக்கிறாய். அதன் அடியில் பென்சிலால் கோடு போட்டேன். அது நான் சொன்ன வாக்கியம், என் பிள்ளை எழுதியிருக்கிறான். அடுத்த வரியில் தண்ணீர் “மே பாஸிப்ளி” கொஞ்சம் குறையலாம் என்கிறாய். பாதிக்கப்படாதது எப்படியப்பா குறையும்? அதற்கும் அடுத்த வரியில், குறைந்தாலும் மழைக்குப் பிறகு “வுட் ஆல்மோஸ்ட் சர்ட்டன்லி” பழையபடி வந்துவிடும். வந்துவிடும் என்று சொல்லத் தைரியம் இல்லை, வராமலும் போகலாம் என்று சொல்ல மனமில்லை, நடுவில் ஒரு ‘ஆல்மோஸ்ட்’டைப் பாயாக விரித்துப் படுத்துக்கொண்டாய். தண்ணீர் நின்றுபோனால் கம்பெனி “குட் பெர்ஹாப்ஸ்” லாரியில் தண்ணீர் கொடுக்கலாமாம். உனக்கே சிரிப்பு வரவில்லையா?

இரண்டாவது தாள் தமிழில் இருந்தது. மாமா கையெழுத்துப் போட வேண்டிய சம்மதக் கடிதம். கிணறு தோண்டவும் குழாய் இறக்கவும் சம்மதிக்கிறேன், இந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெற முடியாது. அதில் ஒரு அநேகமாக உண்டா, ஒரு ஒருவேளை உண்டா? கிடையாது. நீங்கள் தருவதில் எல்லாம் ஒட்டு, மாமா தருவது மட்டும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

உன்மேல் இருக்கிற சந்தேகத்தைச் சொல்லிவிட்டேன், என்மேல் இருப்பதையும் சொல்லவேண்டும். நீ இப்படி எழுத எங்கே கற்றாய் என்று உன் கம்பெனியைத் திட்டத் தொடங்கினேன், முடிக்கவில்லை. பள்ளிவிட்டு வந்து கவுன்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவன் நீ. நான் போனில் இனிக்க இனிக்கப் பேசியதெல்லாம் உன் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது. நீ ஏமாற்றுக்காரன் என்று நான் நினைக்கவில்லை. மேலே இருப்பவர் கேட்கிறார், கல்யாணத்துக்குள் முடித்துக் காட்டினால் நல்லது, ஊற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று உன்னையே நீ நம்பவைத்திருப்பாய். ஆனால் நம்பியிருந்தால் மாமா படிக்கமாட்டார் என்று சந்தோஷப்பட்டிருக்க மாட்டாயே. இந்த இடத்தில் வந்து வந்து நிற்கிறேன். உன்னைக் காப்பாற்ற எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அந்த ஒரு பேச்சு உன்னைக் காட்டிக்கொடுக்கிறது. இரண்டு மாதத்தில் ஒரு பெண் உன்னை நம்பி வீட்டுக்கு வரப்போகிறாள். அவளிடம் கண்டிப்பாக வருவேன் என்று சொல்லாதே. ஆறு மணிக்கு வருவேன் என்று சொல், ஆறுக்கு வா. முடியாவிட்டால் முடியாது என்று காலையிலேயே சொல்லிவிடு, அவள் கோபித்துக்கொண்டு அடங்கிவிடுவாள். என்னால் உனக்குச் செய்ய முடியாமல் போனது இது.

நேற்று நானும் அப்பாவும் மன்னவனூர் பஸ்ஸில் போனோம். கவரைத் தட்டில் வைக்கவில்லை, ஆனால் வீட்டிலும் விட்டுப் போகவில்லை, பையில் இருந்தது. நான் இன்னும் முடிவு செய்யவில்லை, அதையும் மறைக்கமாட்டேன். பெற்ற பிள்ளை கல்யாண நேரத்தில் ஒன்று கேட்கிறான், கொடுத்துவிட்டால் என்ன என்று வழியில் பூம்பாறைவரை நினைத்தேன். மாமா காட்டிலிருந்து கால் கழுவிக்கொண்டு வந்தார். “வாத்தா, வாங்க மாப்ள. வெள்ளனே கெளம்பிட்டீக போல, குளிரு அப்பிக் கெடக்கே” என்றார். மதினி பாயை விரித்தாள். மாமா சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்று தட்டை வாங்கினார், பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், உன் பெயரை விரல் வைத்துப் படித்தார். சாப்பிட்டோம். கிளம்பும்போது என் பை சரிந்து கவர் எட்டிப் பார்த்தது.

“அது என்னத்தா கவரு?”

“ஒண்ணுமில்லண்ணே. ஒங்க மருமகன் குடுத்துவிட்டான்.”

“எனக்கா? பெறகு ஏன் பையிலயே வச்சிருக்க? கொண்டா.”

அப்பா எழுந்து நின்றுவிட்டார். “ஏம்மா, குடுக்கிறியா இல்லியா? பஸ்ஸு போயிரும்.”

என்ன தாள் என்று சொன்னேன். மாமா தமிழ்த் தாளை மட்டும் பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே திரும்பி மதினியிடம் பேனா கேட்டார். “மருமகன் கேட்டு மாமன் இல்லேங்க முடியுமா? கல்யாண நேரம் வேற” என்று சிரித்தார். பேனா மூடியைக் கழற்றியபிறகு, ஏதோ ஞாபகம் வந்தது போலத் தலையைத் தூக்கினார்.

“ஏத்தா, ஊத்து நிக்காதுல்ல? நீ இங்கிலீசுத் தாளப் படிச்சிருப்ப. என்ன போட்டிருக்கு?”

ஒன்றும் ஆகாதுண்ணே என்பது தொண்டைவரை வந்தது. இருபத்தாறு வருஷப் பழக்கம், என்னைக் கேட்காமலே வரும். அதை விழுங்கிக்கொண்டு சொன்னேன்: “தண்ணி போனாலும் போயிரும்ணே. எழுதுன எம் மகனுக்கே நம்பிக்கை இல்ல. போடாதீக.”

என் அண்ணன் வீட்டில், என் மதினி முன்னால், என் பிள்ளையைப் பற்றி நானே அப்படிச் சொன்னேன். அப்பா வாசலுக்குப் போய்விட்டார். மதினி முகத்தை நான் பார்க்கவில்லை. மாமா பேனாவை மூடினார். இரண்டு தாளையும் மடித்து, கவருக்குள் போட்டு, என் கையில் கொடுத்தார்.

“சரித்தா. கல்யாணத்துக்கு மொத நாளே வந்துருவோம். நீ ஒண்ணும் வெசனப்படாத” என்றார். பஸ் வரை கூடவே வந்தார். நான் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அப்பாவுக்குக் கேட்காதபடி கேட்டார்: “பய தெரியாமச் செஞ்சானா, தெரிஞ்சே செஞ்சானாத்தா?”

உன் பதிலை நான் சொல்லக்கூடாது என்று இருந்துவிட்டேன். தை மாதம் மணவறையில் உன் கழுத்தில் முதல் மாலையைப் போட மாமாதான் வருவார். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் உன்னைக் கேட்கமாட்டார், அவர் குணம் அப்படி. ஆனால் மாலையைப் போட்டுவிட்டு உன் முகத்தைப் பார்ப்பார். அந்த நாள்வரை வைத்திருக்காதே. இந்த ஞாயிற்றுக்கிழமை மன்னவனூருக்குத் தனியாகப் போ. என்னைக் கூட்டிக்கொண்டு போகாதே. பேப்பர் எதுவும் கொண்டுபோகாதே. அவர் எதிரில் நின்று, தமிழில், ஆமாம் மாமா, தெரிஞ்சேதான் செஞ்சேன் என்று சொல்.

அம்மா